எட்டு கப் டீ, பன்னிரண்டு மாலுமி, ஒரு பிஸ்கட்

செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் போஸ்டர் அரங்கைப் பார்த்ததில்லையா? விடிகாலையில் காசிமேடு மீன் மார்க்கெட் போய்வந்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மீன் இருக்காது, அவ்வளவுதான். நாலைந்து கல்யாண மண்டபங்களை ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு ஹால், வரிசைவரிசையாகத் தட்டிகள். ஒவ்வொரு தட்டியிலும் ஒரு போஸ்டர். பக்கத்தில், கழுத்தில் அட்டை தொங்க ஓர் ஆராய்ச்சி மாணவர். போகிற போக்கில் நம் கண் அவர் போஸ்டர் மேல் அரை விநாடி பட்டுவிட்டால் தொலைந்தோம். "ரெண்டே நிமிஷம் சார்" என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் நிறுத்திவைப்பார்.

இதற்குள் நுழையவும் அடிதடி. 2018-இல் நியூரிப்ஸ் மாநாட்டின் டிக்கெட்டுகள் 11 நிமிடம் 38 விநாடியில் விற்றுத் தீர்ந்தன. முதல் நாள் முதல் காட்சிக்குக் கவுண்ட்டரில் சட்டை கிழிந்த பரம்பரைக்கு இந்த வேகம் புரியும்.

அந்த ஹாலின் ஒரு மூலையில் "சிக்கனமான சோதனை வடிவமைப்பு" என்று ஒரு போஸ்டர் இருக்கும். நூறு சோதனை செய்ய வேண்டிய இடத்தில் பத்தே பத்து செய்து அதே விடையைப் பெறுவது எப்படி என்பது விஷயம். பக்கத்துத் தட்டிக்காரர் ஆயிரக்கணக்கான சிப்புகளை மாதக்கணக்கில் ஓடவிட்டு ஊர் கரண்ட் பில்லை உயர்த்தியவர். அவரைச் சுற்றி மூன்று வரிசைக் கூட்டம். நம்மவர் போஸ்டருக்கு முன்னால் ஒரே ஓர் ஆள். அவரும் பிளக் பாயிண்ட் தேடி வந்தவர்.

சிக்கனத்துக்கு எப்போதுமே கூட்டம் சேராது. கல்யாண வீட்டில் எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்று கேட்பார்களே ஒழிய, எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று யார் கேட்கிறார்கள்? ஆனால் இந்த மூலைக்கு ஒரு வம்சாவளி உண்டு. அந்த முன்னோர்களையெல்லாம் வரவழைத்து, இதே மார்க்கெட்டில் ஆளுக்கொரு தட்டி கொடுத்து நிறுத்தினால் எப்படியிருக்கும்? வாருங்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

முதல் தட்டி பாபிலோன். நேபுகாத்நேச்சார் அரண்மனையில் சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட நாலு பையன்கள், தானியேலும் மூன்று நண்பர்களும். ராஜா வீட்டுக் கறியும் மதுவும் வேண்டாம், காய்கறியும் தண்ணீரும் போதும் என்கிறார்கள். பரிமாறும் அதிகாரிக்கு நடுக்கம். பையன்கள் இளைத்துப்போனால் ராஜா எடுக்கப்போவது அவர் தலையை. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு ஆறு மாதம் கூடிப் பேசுகின்றன. தானியேல் பேரம் பேசினார்: பத்தே நாள் பாருங்கள், மற்ற பையன்கள் முகத்தையும் எங்கள் முகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஒப்பிட ஒரு குழு உண்டு, கால வரம்பு உண்டு, எதை அளப்பது என்றும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. விவிலியக் கணக்குப்படி பத்தாம் நாள் சைவக் கோஷ்டி புஷ்டியாக இருந்தது. மாநாட்டின் இரண்டாம் நம்பர் ரிவ்யூவர் இதை ஒப்புக்கொள்வாரா? (இரண்டாம் நம்பர் ரிவ்யூவர் என்பவர் மாமியார் மாதிரி. சாம்பாரில் குறை இல்லையென்றால் கரண்டியில் கண்டுபிடிப்பார்.) "நாலு பேர்தானா? யார் காய்கறி சாப்பிடுவது என்று அவர்களே தீர்மானித்தால் எப்படி? நிராகரிக்கிறேன்." சொல்லப்போனால் அந்த இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் கிடைக்க இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். பொறுமையாக நடப்போம்.

அடுத்த தட்டியில் கடல் வாசனை. கப்பல் 'சாலிஸ்பரி', தேதி 1747 மே 20, நிற்பவர் ஸ்காட்லாந்துக்காரரான கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மாலுமிகளை எதிரியின் பீரங்கியைவிட அதிகமாகக் கொன்றது ஸ்கர்வி. ஈறு அழுகும், பல் ஆடும், என்றோ ஆறிய தழும்பு மறுபடி வாய் திறக்கும். ஆன்சன் என்ற தளபதி 1740-இல் புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த பயணத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், முக்கியமான எமன் ஸ்கர்விதான். மருந்து மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

லிண்ட் என்ன செய்தார்? ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த பன்னிரண்டு நோயாளிகளைப் பொறுக்கி எடுத்தார். ஒரே இடத்தில் படுக்கை, ஒரே சாப்பாடு. இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி, ஜோடிக்கு ஒரு மருந்து. முதல் ஜோடிக்குத் தினம் ஒரு குவார்ட் ஆப்பிள் சைடர். நம்ம ஊர் 'குவார்ட்டர்' அல்ல, ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த இருவரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டாம் ஜோடிக்குக் கந்தக அமிலம் கலந்த கஷாயம், மூன்று வேளையும் இருபத்தைந்து சொட்டு. மூன்றாம் ஜோடிக்கு வினிகர். நாலாம் ஜோடிக்குக் கடல் தண்ணீர்; நடுக்கடலில் கையிருப்புக்குப் பஞ்சமில்லாத ஒரே மருந்து. ஐந்தாம் ஜோடிக்குப் பூண்டு, கடுகு, இன்னும் என்னென்னவோ சேர்த்து அரைத்து ஜாதிக்காய் அளவில் ஓர் உருண்டை. எந்த ஊரானாலும் பாட்டி வைத்தியத்துக்கு ஓர் இடஒதுக்கீடு உண்டு. ஆறாம் ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை.

ஆறே நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. இன்றைய பாஷையில் பட்ஜெட் முடிந்தது. பரவாயில்லை, அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இன்னொருவர் தேறி எழுந்து, மிச்சமிருந்த நோயாளிகளுக்கு நர்ஸாக நியமிக்கப்பட்டார். பரிசோதனைப் பொருளே பரிசோதகருக்கு உதவியாளரானது மருத்துவ வரலாற்றில் அபூர்வம். ஆறு கேள்விகள், பன்னிரண்டு பேர், ஆறு நாள். சிக்கனத்துக்குச் சிலையே வைக்கலாம்.

இனிமேல்தான் ஊதாரித்தனம். லிண்ட் 1753-இல் புத்தகம் போட்டார். நானூறு பக்கத்துக்கு மேல். அதில் இந்தச் சோதனை வருவது சில பத்திகள்தான். மீதியெல்லாம் முன்னோர் சொன்னது, முன்னோர் சொன்னதை இவர் மறுத்தது, ஈரக்காற்று, வேர்வை அடைப்பு என்று வண்டி வண்டியாகத் தத்துவம். தன் கண் முன்னால் எழுந்து நடந்த நர்ஸை அவரே முழுசாக நம்பவில்லை. இன்னொரு நல்ல காரியமும் செய்தார்: பழச்சாறு கெடாமலிருக்க அதைச் சூடாக்கி வற்றவைத்துக் குழம்பாக்கிக் கப்பலில் கொண்டுபோகச் சொன்னார். சூட்டில் வைட்டமின் சி போய்விட, குழம்பு வேலை செய்யவில்லை. உடனே ஊரும் "பார்த்தாயா, எலுமிச்சையெல்லாம் சும்மா" என்றது. கடற்படை அலுவலகம் எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு வழங்க உத்தரவு போட்டது 1795-இல், அதுவும் கில்பர்ட் பிளேன் என்ற செல்வாக்குள்ள டாக்டர் பிடிவாதம் பிடித்ததால். லிண்ட் அதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வோம். முதல் வரவு: சோதனைக்கு 6 நாள், ஒப்புக்கொள்ள 48 வருஷம்.

மூன்றாம் தட்டியில் கண் தெரியாத கிழவர் ஒருவர், லெயோனார்ட் ஆய்லர். கணிதத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் இவர் இருப்பார். 1782-இல் அச்சான கட்டுரையில் ஒரு புதிர் போட்டார்: ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, மொத்தம் 36 அதிகாரிகள். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒவ்வொரு தடவை மட்டும் வருகிற மாதிரி சதுரமாக நிறுத்த முடியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் சுடோகுவுக்கு இவர் கொள்ளுத்தாத்தா. கட்டங்களில் லத்தீன் எழுத்துகளைப் போட்டதால் 'லத்தீன் சதுரம்' என்று பெயர். முடியாது என்றார் ஆய்லர். அதோடு நிற்காமல் 10, 14, 18 என்று அந்த ஜாதி எண் எதற்கும் முடியாது என்று ஊகமும் சொன்னார். ஆறுக்கு அவர் சொன்னது சரி என்று டாரி என்ற பிரெஞ்சுக்காரர் 1901 வாக்கில் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து முடித்தார். பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி என்று மற்றதையும் பலர் நம்பினார்கள். 1959-இல் இந்தியர்களான ஆர். சி. போஸும் எஸ். எஸ். ஸ்ரீகண்டேயும், அமெரிக்கரான பார்க்கரும் சேர்ந்து ஊகத்தைத் தவிடுபொடியாக்கினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் செய்தி. நோட்டில் எழுதுங்கள்: 177 வருஷம்.

அந்தச் சதுரம் எதற்கு உதவும் என்று கேட்காதீர்கள். ஆய்லருக்கும் தெரியாது. உபயோகம் கண்டுபிடித்தவர் இரண்டு தட்டி தள்ளி, சுங்கான் புகைத்துக்கொண்டு நிற்கிறார்.

நடுவே ஒரு தட்டியில் அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பெர்ஸ். அவர் பெயரைச் சரியாக உச்சரித்தால் 'பர்ஸ்' என்றுதான் வரும். ஆராய்ச்சியில் பொருளாதாரச் சிக்கனம் பற்றி 1870-களிலேயே கணக்குப் போட்டு எழுதியவர் பெயர் பர்ஸ் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். 1884-இல் தன் மாணவர் ஜாஸ்ட்ரோவோடு சேர்ந்து, துளித்துளி எடை வித்தியாசங்களை மனித விரல் உணருமா என்று சோதித்தபோது, எதை முதலில் கொடுப்பது என்பதைச் சீட்டுக்கட்டைக் கலைத்துத் தீர்மானித்தார். தானியேலைக் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் இங்கேதான் தலைகாட்டுகிறது: யாருக்கு எது என்பதை மனுஷன் தீர்மானிக்கக் கூடாது, சீட்டு தீர்மானிக்க வேண்டும். உலகம் கண்டுகொள்ளவில்லை. சிக்கனத்தின் ஆசான் கடைசிக் காலத்தில் விறகுக்கும் ரொட்டிக்கும் திண்டாடிச் செத்தார். பர்ஸில் காசு தங்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் முகமூடி போட்ட ஒருவர். அட்டையில் 'ஸ்டூடண்ட்' என்று மட்டும் இருக்கிறது. நிஜப் பெயர் வில்லியம் கோசெட், வேலை டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனி. நல்ல பார்லி எது என்று தெரிய வேண்டும். கையில் நாலைந்து அளவீடுகளே உண்டு. அந்தக் காலப் புள்ளியியல் பெரியவர் கார்ல் பியர்சனுக்கு ஆயிரக்கணக்கில் அளந்தால்தான் தூக்கம் வரும். இத்தனை சின்ன மாதிரியோடு மாரடிப்பது சாராயம் காய்ச்சுகிற குறும்புக்காரர்கள்தான் என்று கிண்டல் செய்தார். குறும்புக்காரர் 1908-இல் சின்ன மாதிரிகளை வைத்து எவ்வளவு தைரியமாகப் பேசலாம் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். கம்பெனி ரகசியம் வெளியே போகக் கூடாதென்று சொந்தப் பெயர் போட அனுமதியில்லை. உலகத்தின் பாதி ஆய்வேடுகள் இன்றும் சத்தியம் செய்யும் அந்த 'டி' சோதனை, பீர் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்த மாணவனுடையது.

இப்போது பெரிய தட்டி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோடாப்புட்டிக் கண்ணாடி, ஆட்டுத்தாடி, சுங்கான், முன்கோபம்: ரொனால்ட் ஃபிஷர்.

1919-இல் லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். லாஸ் என்ற உர வியாபாரி 1843-இல் ஆரம்பித்த இடம் அது. எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரே கோதுமை வயலில் இந்தக் கீற்றுக்குச் சாணம், அந்தக் கீற்றுக்கு ரசாயனம், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை என்று போட்டு, மகசூலையும் மழையையும் நோட்டு நோட்டாக எழுதி அடுக்கியிருந்தார்கள். இத்தனையிலிருந்து ஏதாவது தேறுமா என்று பார்க்கக் கூப்பிடப்பட்டவர், அந்த வேலைக்கு எருக்குவியலைக் கிளறுவது என்று தானே பெயர் வைத்தார். கிளறியதில் கிடைத்த ஞானம்: விளைச்சல் கூடியது உரத்தாலா, மழையாலா, அந்தக் கீற்றில் மண்ணே நன்றாக இருந்ததாலா என்று பிரிக்க முடியவில்லை. எழுபது வருஷம் பதில்களைச் சேகரித்திருக்கிறார்கள். கேள்வியை மட்டும் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

ஃபிஷர் கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தார். வயலில் இந்தக் கோடி வளம், அந்தக் கோடி வறட்சி. தெற்கே ஈரம், வடக்கே காய்ச்சல். ஆய்லரின் லத்தீன் சதுரத்தைத் தூசு தட்டி வயலில் விரித்தார். ஒவ்வொரு உரமும் ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் ஒரு தடவை. மண்ணின் ஓரவஞ்சனை எல்லா உரத்துக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. எந்தச் சதுரம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். படைத்தளபதிகள் நிற்க வேண்டிய கட்டத்தில் உருளைக்கிழங்கு முளைத்தது.

அடுத்தது சிக்கனத்தின் உச்சம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், இயற்கையிடம் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்பது அன்று வேதவாக்கு. முழுத் தப்பு என்று 1926-இல் எழுதினார் ஃபிஷர். எல்லாவற்றையும் சேர்த்துக் கேள், முறையாகக் கேள் என்றார். இது எப்படி மிச்சம் பிடிக்கும்? கொஞ்சம் ஆடுகிற தராசும், ஒரு பூசணியும் ஒரு சுரைக்காயும் இருப்பதாக வையுங்கள். தனித்தனியாக இரண்டிரண்டு தடவை நிறுத்துச் சராசரி எடுத்தால் நாலு நிறுவை. அதற்குப் பதில் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு ஒரு தடவை. பிறகு பூசணி இந்தத் தட்டில், சுரைக்காய் எதிர்த் தட்டில் என்று ஒரு தடவை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் இரண்டு எடையும் வந்துவிடும். அதே துல்லியம், பாதி வேலை. ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு காயும் உழைத்திருக்கின்றன என்பதுதான் சூட்சுமம். கோயம்பேட்டில் இதைச் சொன்னால் கடைக்காரர் "எடுத்துட்டுக் கிளம்புங்க" என்பார். ராதம்ஸ்டெட்டிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் பார்த்தார்கள்.

டீ விவகாரம் நடந்தது அங்கேதான், 1920-களின் ஆரம்பத்தில். மத்தியானம் டீ நேரம். பாசி ஆராய்ச்சியாளர் டாக்டர் முரியல் பிரிஸ்டலுக்கு ஃபிஷர் ஒரு கப் டீயை நீட்டினார். வேண்டாம், பாலை முதலில் ஊற்றின டீதான் பிடிக்கும் என்றார் அவர். எதை முதலில் ஊற்றினால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்றார் ஃபிஷர். வித்தியாசம் தெரியும் என்றார் அம்மையார். சோதித்துவிடலாமே என்றார் பின்னாலிருந்த வில்லியம் ரோச். (பிற்பாடு ரோச் அந்த அம்மையாரையே கல்யாணம் செய்துகொண்டார். ருசிக்குப் பரிந்து பேசிய ஆணுக்குக் கிடைத்த வெகுமதி.)

நம்ம ஊரில் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. மாஸ்டர் ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்று ஆற்றென்று ஆற்றிவிட்டால், பால் முதலா டிகாஷன் முதலா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரனுக்கு ஆற்றத் தெரியாததால் நமக்குப் புள்ளியியல் கிடைத்தது.

எட்டு கப். நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். நாலு, நாலு என்பது அம்மையாருக்கும் தெரியும். வரிசை குலுக்கலில் வந்தது. எட்டிலிருந்து நாலைப் பொறுக்க 70 வழி உண்டு. குருட்டாம்போக்கில் முழுக்கச் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்பு. ஏன் ஆறு கப் வைக்கவில்லை? ஆறில் 20 வழிதான். குருட்டு அதிர்ஷ்டம் 20-இல் ஒன்று, நம்பலாமா வேண்டாமா என்று ஊசலாடும். சரி, எட்டு கப்பில் ஒவ்வொரு வகையிலும் ஒன்று தவறி, மூன்று சரியாக வந்தால் மன்னித்துவிடலாமா? அப்படியோ அதைவிட நன்றாகவோ சொல்லக் குருடனுக்கே 70-இல் 17 வாய்ப்பு, மன்னிக்க முடியாது. இத்தனையும் முதல் கப்பில் டீ ஊற்றுவதற்கு முன்னாலேயே தெரியும். வடிவமைப்பு என்பது இவ்வளவுதான்: ஆறிப்போவதற்கு முன் யோசிப்பது.

1935-இல் ஃபிஷர் எழுதிய 'சோதனைகளின் வடிவமைப்பு' நூல் இந்தக் கதையை உலகப் புகழாக்கியது. அம்மையார் ஜெயித்தாரா என்று மட்டும் அதில் இல்லை. எட்டும் சரியாகச் சொன்னார் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னதாகப் பிற்காலத்தில் கேள்வி. தான் சிரித்த விஷயத்தில் தோற்றதை எந்த ஆண் புத்தகத்தில் போடுவான்?

1938-இல் கல்கத்தாவில், புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் கூட்டிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்க ஃபிஷர் வந்தார். சோதனை முடிந்தபிறகு புள்ளியியல்காரனைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிற மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வான் என்பது அந்த மேடையில் அவர் சொன்னதன் சாரம். கூட்டம் கை தட்டியிருக்கும். தட்டிவிட்டு அவரவர் ஊருக்குப் போய்ப் பழையபடி பிரேதத்தோடு வந்திருப்பார்கள். மாநாடுகளின் இயல்பு அது.

இப்படிப்பட்ட மனிதர் கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? 1950-களில் சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்களான டாலும் ஹில்லும் ஆதாரங்களைக் குவித்தபோது, ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றார். குலுக்கல் போட்டுப் பாதிப் பேரைப் புகைக்கவிட்டா பார்த்தார்கள்? புகைக்கிற ஆசையும் புற்றுநோயும் ஒரே பரம்பரைக் குணத்திலிருந்து வரலாமே என்றார். வாயில் சுங்கான். புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகர் வேறு. உலகத்துக்கே ஆதாரத்தை எடைபோடக் கற்றுக்கொடுத்தவர் தன் பங்குக்குத் தராசில் கட்டை விரலை வைத்தார். லிண்டுக்குக் கடற்படை செய்ததை ஃபிஷர் டாலுக்குச் செய்தார். நோட்டில் இதற்கு வருஷக் கணக்கு வேண்டாம். ஒரு பெருமூச்சு போதும்.

அடுத்த தட்டி 1943, நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். யுத்த காலம். குண்டுகளைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அனுபவசாலி அதிகாரி ஒருத்தன் முதல் சில நூறிலேயே இது தேறாது என்று கண்டுகொள்வானே, மீதியை ஏன் சுட வேண்டும் என்று கடற்படைக் கேப்டன் ஒருவர் முனகினார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற நம் பாட்டிகளின் கேள்விதான். அங்கே வேலை பார்த்த ஆலன் வாலிஸும் மில்டன் ஃப்ரீட்மனும் யோசித்துப் பார்த்து, கணித நிபுணர் ஆப்ரகாம் வால்டிடம் தள்ளிவிட்டார்கள். முதலில் சந்தேகப்பட்ட வால்ட், சில நாளில் விடையோடு வந்தார்: ஒவ்வொரு முடிவு வந்ததும் நிறுத்தலாமா, தொடரலாமா என்று கேட்டுக்கொண்டே போ. சோதனைகள் பாதியாகக்கூடக் குறைந்தன. அத்தனை சிக்கனமாக இருந்ததால் யுத்த ரகசியம் என்று பூட்டிவைத்தார்கள்.

இந்தத் தட்டிக்கு முன்னால் மட்டும் கிண்டலை ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும். வால்ட் இந்தியாவில் சொற்பொழிவுகள் நிகழ்த்த மனைவியோடு வந்திருந்தார். 1950 டிசம்பர் 13 அன்று அவர்கள் பயணம் செய்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதியது. குண்டடி பட்டுத் திரும்பிவந்த போர் விமானங்களைப் பார்த்து, திரும்பாத விமானங்களுக்கு எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்ன மனிதர். வயது 48. எங்கே நிறுத்துவது என்று உலகத்துக்குச் சொன்னவரை நடுவழியில் நிறுத்தியது எந்தக் கணக்கு என்று தெரியவில்லை.

வில்லியம் தாம்சன் தட்டியில் யாருமே இல்லை, தூசுதான் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்துக்காரர், 1933-இல் ஒரு பேப்பர் எழுதினார். இரண்டு மருந்து இருக்கிறது, எது மேல் என்று தெரியாது. தெரிகிறவரை பாதிப் பேருக்கு மோசமானதைக் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமா? புது ஊருக்கு மாற்றலாகிப் போனவர்களுக்கு இது தெரியும். பக்கத்து மெஸ்ஸில் சாம்பார் சுமார். எதிர்த் தெரு மெஸ் எப்படியோ? தெரிந்த சுமாரிலேயே காலம் தள்ளுவதா, வயிற்றைப் பணயம் வைத்துப் பார்ப்பதா? எந்த மெஸ் மேலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று இதுவரை தோன்றுகிறதோ, அந்த விகிதத்தில் அங்கே போய்ச் சாப்பிடு என்றார் தாம்சன். இந்த ஜாதிப் புதிருக்குச் சூதாட்ட யந்திரத்தை வைத்து 'பாண்டிட்' (கொள்ளைக்காரன்) என்று பெயர். யுத்தத்தின்போது இது நேச நாட்டு நிபுணர்களின் மண்டையை அப்படிக் குடைந்ததாம். இதை ஜெர்மனி மேல் போட்டால் அங்கே மூளைகள் ஸ்தம்பித்துவிடும் என்று யாரோ யோசனை சொன்னதாகக் கணிதவியலாளர் பீட்டர் விட்டில் பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்.

மூளையைப் பிசைந்தவர்களில் அநேகம் பேர் தாம்சனின் பேப்பரைப் புரட்டவில்லை. 2011-இல், ஸ்பெயினில் கிரனாடாவில் நடந்த நிப்ஸ் மாநாட்டில் (நியூரிப்ஸின் பழைய பெயர் அது), ஷாபெல், லீ என்ற இருவர் இந்தப் பழைய முறையை விளம்பரங்களுக்கும் செய்திகளுக்கும் போட்டுப் பார்த்து, அட, நன்றாக ஓடுகிறதே என்று காட்டினார்கள். அப்புறம்தான் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு பின்பற்றினார்கள். நோட்டு: 78 வருஷம்.

இப்படியாகக் கதை இந்த ஹாலுக்கே வந்துவிட்டது. நரம்பு வலைப்பின்னல் என்கிற யந்திர மூளையில் திருக வேண்டிய திருகாணிகள் ஏராளம். பத்துத் திருகாணி, ஒவ்வொன்றிலும் பத்து நிலை என்றால் ஆயிரம் கோடிச் சேர்க்கை. கட்டம் போட்டு ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தார்கள், அல்லது ஆராய்ச்சி மாணவனைத் திருகவிட்டார்கள். மாணவன் பெட்ரோல் போடாமல் ஓடுகிற யந்திரம். 2012-இல் பெர்க்ஸ்ட்ராவும் பெஞ்சியோவும் கட்டம் போடுவதைவிட இஷ்டத்துக்குக் குலுக்கிப் போட்டால் சீக்கிரம் நல்ல இடம் கிடைக்கிறது என்று காட்டினார்கள். காரணம், பத்துத் திருகாணியில் வேலை செய்வது இரண்டோ மூன்றோ. கட்டம் போட்டால் வேலை செய்யாத திருகாணிக்கே பாதிச் செலவு. அதே வருஷம் ஸ்னூக்கும் கூட்டாளிகளும் பேய்ஸ் வழியில், இதுவரை கண்டதை வைத்து அடுத்து எங்கே திருகினால் லாபம் என்று யந்திரத்தையே யோசிக்கவைத்தார்கள். பர்ஸின் சிக்கனம், ஃபிஷரின் குலுக்கல், வால்டின் ஒவ்வொன்றாக நகர்தல், எல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றன.

2014-இல் இந்த மாநாட்டுக்கே சோதனை ஆசை வந்தது. அந்த வருஷ நிப்ஸில் 166 பேப்பர்களை இரண்டு தனித்தனிக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு மற்றது தெரியாது. ஃபிஷர் பார்த்திருந்தால் சுங்கானை எடுத்துவிட்டுப் புன்னகைத்திருப்பார். 43 பேப்பர்களில் முடிவு மாறியது. கேட்கச் சின்ன எண் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு குழு சேர்த்துக்கொண்ட பேப்பர்களில் பாதிக்கு மேல் மறு குழுவில் நிராகரிக்கப்பட்டிருந்தன. பிரிஸ்டல் அம்மையாரை ரிவ்யூவராகப் போட்டு எட்டு கப் நீட்டியிருந்தால் இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருப்பார். 2021-இல் மறுபடி செய்து பார்த்தார்கள், ஏறக்குறைய அதே விடை. ஒருவரும் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் வழக்கம்போல ஆயிரக்கணக்கில் பேப்பர் அனுப்பினார்கள், வழக்கம்போல இரண்டாம் நம்பர் ரிவ்யூவர் கரண்டியைக் குறை சொன்னார்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. உண்மையைக் கண்டுபிடிக்கிற செலவை முந்நூறு வருஷத்தில் எவ்வளவோ குறைத்துவிட்டார்கள். எட்டு கப், பன்னிரண்டு ஆள், இரண்டு நிறுவை. கண்டுபிடித்ததை அடுத்தவனை நம்பவைக்கிற செலவில் மட்டும் ஒரு பைசா குறையவில்லை. அதற்கு யாரும் லத்தீன் சதுரம் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, கடைசித் தட்டி. 2017-இல் இதே மாநாட்டின் பட்டறை ஒன்றில் கூகுள்காரர்கள் பிஸ்கட்டோடு வந்தார்கள். சாக்லெட் சிப் பிஸ்கட்டுக்கு மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வெண்ணெய், உப்பு, போதாதென்று மிளகாய்த்தூள் எவ்வளவு என்று யந்திரம் ஒவ்வொரு தடவையும் ஒரு கலவை சொல்லும். சமையல்காரர் சுடுவார். அலுவலகத்து ஆட்கள் தின்று மார்க் போடுவார்கள். அந்த மார்க்கைப் பார்த்து யந்திரம் அடுத்த கலவையைச் சொல்லும்.

அதில் வந்த முடிவை நம்ப 48 வருஷமோ 78 வருஷமோ ஆகவில்லை. மென்று முழுங்குகிற நேரம்தான். லிண்டும் அந்த இரண்டு மாலுமிகளைக் கடற்படை அலுவலகத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அந்தப் பிரபுக்களையே ஒரு வருஷம் கப்பலில் ஏற்றி, கருவாடும் காய்ந்த பிஸ்கட்டும் மட்டும் போட்டு, கடைசியில் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டியிருக்க வேண்டும்.

அந்த மூலைத் தட்டி மாணவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். மணி மூன்றரை. டீ வந்தாயிற்று என்று எங்கிருந்தோ குரல். ஹாலே அந்தப் பக்கம் சாய்கிறது. பிளக் பாயிண்ட் ஆசாமியும் சார்ஜரை உருவிக்கொண்டு நடக்கிறார். மாணவர் போஸ்டரை ஒரு தடவை பார்க்கிறார், கூட்டத்தை ஒரு தடவை பார்க்கிறார். பிறகு அவரும் வரிசையில் போய் நிற்கிறார். முறை வந்ததும் பரிமாறுகிறவர் கேட்கிறார்:

"பாலை முதல்ல ஊத்தவா, அப்புறம் ஊத்தவா?"